கட்டைவிரல்

கொச்சியில் படகு அணைந்தால்தான்
அவருக்குச் சிக்னல்.
நான் பக்கம் பக்கமாய் அனுப்பினேன்:
கூரை ஒழுகுவது, அஜிதாவின் பீஸ்,
மெர்சிலின் பேசிய பேச்சு.

பதிலுக்கு ஒரு மஞ்சள் கட்டைவிரல்.

கூரைக்கும் அதுதான்.
மெர்சிலினுக்கும் அதுதான்.
“மூணு நாளா காய்ச்சல்” என்றதற்கும்
அதே விரல், விறைப்பாய்.

வரட்டும் என்றிருந்தேன்.
கேட்கவேண்டியதையெல்லாம்
தேதியோடு ஓர்மையில் வைத்திருந்தேன்.

குழித்துறை ஸ்டேஷனில் இறங்கினார் ஜெரோன்.
பை இடது தோளில்.
டீ வாங்கித் தந்ததும் இடதுகை.
மற்றது பேன்ட் பாக்கெட்டை விட்டு வரவில்லை.

“கைய எடும்.”

எடுக்கவில்லை.
நானே பிடித்து இழுத்தேன்.

நாலு விரல்.

“விஞ்ச் கம்பி” என்றார்.
“இடதுகையால எழுத வரல்ல.
அத அமுக்க மட்டும் வந்துது.”

“வாயத் தொறந்து பேசியிருக்கலாமே?”

“கொரலக் கேட்டா நீ
கண்டுபிடிச்சிருவா.”

தழும்பு இன்னும் இளஞ்சிவப்பாய் இருந்தது.
தொட்டால் வலிக்குமா என்று கேட்காமலே
தொட்டுவிட்டேன்.
கண்ணைச் சுருக்கினார்.
ஓ, வலிக்கிறது.

பஸ்ஸில், ஆற்றுப்பாலம் தாண்டியதும்,
“மெர்சிலின் அப்பிடி என்னதான் சொன்னா?”
என்று கேட்டார்.

வள்ளவிளை வரைக்கும் சொன்னேன்.
நடுவில் இரண்டுமுறை சிரித்தார்,
சிரிக்கக்கூடாத இடத்தில்.