கழுத்தளவு

பாசிக்குப் போகும்போது
பழைய அலுமினியத் தட்டை வெட்டி
செருப்புக்கு அடியில் கட்டிக்கொள்வேன்,
நீந்தத் துடுப்பாக.
இப்போது தட்டு காலுக்குள் இருக்கிறது.
எட்டுத் திருகாணி.
எக்ஸ்ரேயில் எண்ணிக் காட்டினாள் ஹஸீனா.

வத்தைக்கும் பாறைக்கும் நடுவே
கால் மாட்டிய அன்று
சத்தமே கேட்கவில்லை.
தண்ணீருக்கடியில் எலும்பு
மரிக்கொழுந்துப் பாசி போலத்தான் ஒடிகிறது.
மேலே வந்து மூச்சு விட்டு
அப்புறம்தான் கத்தினேன்.

மூன்று மாதம்.
ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில்
படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கி
"இன்னும் தயிர் உறையலயேக்கா" என்றாள்.
"ஊன்றினீங்களா, இல்லையா?"

இல்லை.
இரண்டு தலையணை மேல்
அடகுக்கடையிலிருந்து மீட்ட பொருள் மாதிரி வைத்திருந்தேன் காலை.
எனக்கு வேறொரு திட்டம் இருந்தது:
தையல் நன்றாகக் காய்ந்ததும்
கடலில் போய் மல்லாந்து கிடப்பது.
தண்ணீரில் எனக்கு எடை ஏது,
எடையில்லாத இடத்தில் வலி ஏது.

சொன்னதும் சிரித்துவிட்டாள்.
பிறகு எலியைப் பற்றிச் சொன்னாள்.
எங்கோ ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில்
வாலில் கட்டித் தூக்கி
பின்னங்கால் தரையில் படாமல்
வாரக்கணக்கில் விட்டுவைப்பார்களாம்.
ராக்கெட் ஏறாமலே அதற்கு விண்வெளி.
ஒடிந்த கால் கூடப் பார்க்கும்,
குருத்தெலும்பு வரை வரும்,
கெட்டிப்படாமல் அங்கேயே நின்றுபோகும்.
மேலே மிதக்கிற மனிதர்களுக்கோ
ஒடியாத எலும்பே கரைந்து
மூத்திரத்தில் போகிறதாம்.

"எலி என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டேன்.
அவளிடம் பதில் இல்லை.
மாத்திரைச் சீட்டைத் திருப்பி
ஒரு மனிதக் கோட்டுருவம் வரைந்து
அதன் கழுத்தில் ஒரு கோடு போட்டாள்,
நெஞ்சில் ஒன்று, இடுப்பில் ஒன்று.
"கடல்தான வேணும்? போங்க.
ஆனா படுக்கக் கூடாது. நிக்கணும்."

கச்சான் உரத்து அடிக்கும் மாதம்.
தென்கடல் பல்லைக் காட்டுகிறது.
ரோட்டைத் தாண்டினால்
வடகடல் ஊருணி மாதிரிக் கிடக்கிறது.
ஓரகத்தி அந்தோணியாள்
கம்பை வாங்கிக்கொண்டு கையைக் கொடுத்தாள்.
கரையில் வலை பார்த்த ஆட்கள்
பாசிக்காரிக்குத் தண்ணீரில் நடை சொல்லித்தருவதை
வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

ஐம்பது கிலோ நான்.
கழுத்தளவில் ஐந்து கிலோ.
ஈரப்பாசி ஒரு சாக்கின் அடியில் கிடக்கும் அளவு.
அதற்கே பயந்து
விரல்களால் மணலைப் பிடித்துக்கொண்டேன்.
நெஞ்சளவுக்கு வந்தது ஆடி பிறந்த பிறகு.
அப்போது பதினைந்து, இருபது.
உள்ளே எதுவோ முணுமுணுத்தது, திருகாணியாக இருக்கும்.
இடுப்பளவில் ஒரு சிப்பம் அரிசி.
என்னை நானே
கடையிலிருந்து தவணைக்கு
வாங்கி வருவது போல் இருந்தது.

நடுவில் ஒன்பது நாள் போகவில்லை.
காய்ச்சல் என்று ஹஸீனாவிடம் சொன்னேன்.
பொய்.
ஆழத்துக்கே திரும்பிப் போய்
ஒருநாள் மிதந்தேன், காதுவரை தண்ணீரில்.
கால் இருப்பதே தெரியவில்லை.
அதுதான் பிடித்திருந்தது.
அதுதான் பயமாகவும் இருந்தது.

இன்று முழங்காலளவு.
அலை என்று சொல்ல முடியாத ஓர் அலை வந்து
பின்வாங்கியது.
நான் முழுசாக
என் மேல் இறங்கினேன்.
வலித்தது. பல்லைக் கடித்தேன்.
அந்தோணியாள் கையை விட்டுவிட்டாள்,
வேண்டுமென்றேதான்.
ஈர மணலில் வலது பாதம்
இடதைவிடக் கொஞ்சம் ஆழம் குறைவாக.

நின்றபடி யோசித்தேன்,
அந்த எலியை
யாராவது இறக்கிவிட்டிருப்பார்களா.