எத்தனை

முதலில் ஜெனோவாதான் கொண்டுவந்தாள்,
யு.கே.ஜி. பையில், டிபன் டப்பாவோடு,
மூடி இறுகாத தண்ணீர் பாட்டிலோடு
ஒரு வறட்டு இருமலை.
நாலாம் நாள் அது தம்பிக்குப் போனது,
அவனிடமிருந்து அல்போன்சாவுக்கு.
எனக்கு வந்தபோது
வீட்டில் யாரும் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றி ஆறு நாள்.
மண்டபம் கரையில் விசைப்படகுகள்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன.
கடலுக்குப் போகாத கார்த்திகையில்
ஐஸ் யாருக்கு வேண்டும்?
பாதிச் சம்பளம் என்றார் முதலாளி.
விற்காத குளிருக்கு
நான் முழு நாளும் காவல்.

அன்றைக்கு மத்தியானம்
இன்னாசியின் கண் மேலே செருகிக்கொண்டது.
கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. கடைவாயில் நுரை.
பக்கத்து வீட்டு பாத்திமுத்து ஓடிவந்து
பீரோ சாவியை அவன் உள்ளங்கையில் திணித்தாள்.
நான் கம்பெனிக்கு ஓடினேன்.
எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.
கால் பார் ஐஸைச் சாக்கில் தூக்கிக்கொண்டு
திரும்பி வருவதற்குள் அடங்கியிருந்தான்;
அம்மா தோளில் கிடந்து
என்னை யாரோ மாதிரி பார்த்தான்.

நூற்றெட்டில் ஏறியபோதும்
சாக்கை இறக்கிவைக்கத் தோன்றவில்லை.
உச்சிப்புளி தாண்டும்போதே
அது காலடியில் சொட்டத் தொடங்கியது.
ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில்
டாக்டரம்மா சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
“ஐஸெல்லாம் வைக்கக் கூடாதுப்பா.
வெதுவெதுப்பான தண்ணி, பருத்தித் துணி.
இழுப்பு வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வை.
சாவியும் வேண்டாம்.”
பதினொரு வருஷம் ஐஸ் உடைத்த கை
சட்டைப் பைக்குள் போய் ஒளிந்துகொண்டது.

நர்ஸ் ஒரு கணக்குச் சொல்லிக் கொடுத்தார்.
நெஞ்சு ஏறி இறங்கினால் ஒன்று.
நிமிஷத்துக்கு நாற்பதைத் தாண்டினால்
யோசிக்காதே, வண்டியைக் கூப்பிடு.

எண்ணுவது எனக்குப் புதிதில்லை.
லாரியில் பார் ஏற்றும்போது
பத்துக்கு ஒரு கோடு, கரியால், சுவரில்.
ஆனால் பார் நகராமல் நிற்கும்.

சீட்டைத் தள்ளி எடுத்த பணத்தில் நெபுலைசர் வந்தது.
அது உறுமினாலே இன்னாசி அலறுவான்.
ஜெனோவா முதலில் பொம்மைக்கு மாட்டிக் காட்டுவாள்,
பிறகு எனக்கு,
‘அப்பா நல்ல பிள்ளை’ என்று தட்டிக்கொடுப்பாள்,
பிறகுதான் அவன்.

நேற்று ராத்திரி பத்தரைக்கு கரண்ட் போனது.
வாடை தகரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தது.
விலாவுக்குக் கீழே தோல் குழிந்து குழிந்து,
கூடவே ஒரு விசில் சத்தம்.
செல்போன் வெளிச்சத்தில் எண்ணினேன்.
நாற்பத்தி நாலு.
பிரப்பன்வலசையில் மரம் விழுந்திருக்கிறது,
வண்டி வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள்.

ஊரே இருட்டு.
ஐஸ் கம்பெனியில் மட்டும் ஜெனரேட்டர் ஓடியது.
தார்ப்பாய்க்குள் அவனைச் சுருட்டிக்கொண்டு அல்போன்சா,
என் முதுகில் ஜெனோவா, அவள் கழுத்தில் மிஷின்.
கணக்கு ரூமில், கால்குலேட்டரைப் பிடுங்கிவிட்டு
அந்த பிளக்கில் சொருகினோம்.
விற்காத ஐஸ் உருகிவிடக் கூடாதென்று
முதலாளி ஊற்றிய டீசலில்
என் பிள்ளை மூச்சு விட்டான்.
பொம்மையை எடுத்துவர மறந்திருந்தோம்.
அலற அவனுக்குத் தெம்பில்லை.
அவன் அலறமாட்டானா என்று இருந்தது எங்களுக்கு.

வண்டி வந்தபோது முப்பத்தெட்டு.
நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார்கள்,
இன்னொரு மருந்தை மிஷினில் ஊற்றினார்கள்,
விடிந்ததும் அவசியம் கொண்டுவாங்க என்றார்கள்.

இப்போது நாலரை.
சாக்குக் கட்டின் மேல் நாலு பேரும் கிடக்கிறோம்.
லாரிக்காரன் கேட்கிற அதே தொனியில்
கண் திறக்காமல் அல்போன்சா கேட்கிறாள்,
“எத்தனை?”
“முப்பத்தி ஒண்ணு.”
“திரும்ப எண்ணு.”

எண்ணுகிறேன்.
பதினேழில்
ஜெனோவா தும்முகிறாள்.