நூற்றிப் பதினாலு தூசி

பல்லாரட்டில் ஜூலைக் காற்றுக்கு
யாரிடமும் மரியாதை இல்லை.
மெல்பேர்னிலிருந்து ஒன்றரை மணிநேரம் ஓட்டிவந்து
ஒரு கராஜின் கதவைத் தட்டுகிறேன்,
கலியாணத்துக்கு அழைப்பிதழ் செய்யக் கொடுக்க.

புரொன்வின் திறக்கிறாள். விரலில் மை.
தாள்களை மேசையில் பரப்புகிறாள்.
பருத்தித் தாள், முந்நூறு கிராம்.
இன்னொன்று அறுநூறு, "கதவுபோல நிமிர்ந்து நிற்கும்" என்கிறாள்.
விலையைக் கேட்டேன்.
கதவு விலைதான்.

முற்பணம் பாதி, திருப்பித் தரமாட்டாள்.
இரண்டு திருத்தம் இலவசம்,
மூன்றாவதற்கு மணிக்குத் தொண்ணூறு டொலர்.
கையெழுத்துப் போட்டேன்.
அன்ரனின் தமக்கை இதில் கால்வாசிக் காசுக்குச்
சிவகாசியிலிருந்து இறக்கித் தருகிறேன் என்றாள்,
பிள்ளையாரும் மாதாவும் ஒரே அட்டையில்,
சுற்றிவரப் பொன் ஓரம்.
வேண்டாம் மச்சாள் என்றேன்.
ஏனென்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

படிவத்தில் முதற் கேள்வி: அழைப்பது யார்?

எனக்கு நாற்பத்தொன்று.
திருநிறைச்செல்வி என்று போட்டால்
என்னிடம் லீவு கேட்டு வரும் பொடியன்கள் சிரிப்பார்கள்.
இன்னாரின் கனிஷ்ட புத்திரி என்று போடவோ
இன்னார் இருவரும் பேசிப் பதினாறு வருடம்.
ஒருவர் ஒஸ்லோவில், ஒருவர் டான்டினோங்கில்.
அவரும் இவரும் என்று ஒரே வரியில் எழுதினால்
அந்த 'உம்'மை யார் தூக்குவது?

'வெண்மதியும் அன்ரனும் அழைக்கிறோம்' என்று எழுதினேன்.
எங்கள் 'உம்' பாரமாக இல்லை.

அவளுடைய கணினியில் தமிழ் உடைந்து விழுந்தது,
கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்.
"உன் கையால் எழுதித் தா, அச்சுக் கட்டை செய்கிறேன்."
கையொப்பம் தவிரத் தமிழில் நான் எழுதி எவ்வளவு காலம்!
ஏழு இரவு, சமையலறை மேசை,
பக்கத்தில் அன்ரன் சேட்டு அயர்ன் பண்ணிக்கொண்டு
"ழ வழுக்குது" என்று சொல்லிக்கொண்டு.

மூன்றாம் கிழமை மாதிரி அட்டை தபாலில் வந்தது.
அழகு. தடவினால் எழுத்துப் பள்ளம் விரலில் பட்டது.
பிறகு வாசித்தேன்.

அனபுடையீர,
வெணமதியும அனரனும
இஙஙனம

முழு அட்டையிலும் ஒரு புள்ளி இல்லை.

"தூசி என்று நினைத்தேன்" என்றாள் தொலைபேசியில்.
"ஸ்கான் பண்ணினால் தூசி விழும்.
ஒவ்வொன்றாகப் பெரிதாக்கி ஒவ்வொன்றாக அழித்தேன்.
மூன்று மணிநேரம். எண்ணினேன். நூற்றிப் பதினாலு."
குரலில் பெருமை இன்னும் ஆறவில்லை.

கோபம் வருமென்று காத்திருந்தேன், சிரிப்புத்தான் வந்தது.
அந்தப் புள்ளி எழுத்தின் வாயை மூடுகிற புள்ளி என்றேன்.
இப்போது எல்லா எழுத்தும் வாய் திறந்தபடி நிற்கிறது.
வாசித்துக் காட்டு என்றாள்.
அ ன பு டை யீ ர.
சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.
"இப்படியும் நன்றாகத்தானே இருக்கிறது?"

அன்ரன் சொன்னான்: ஓலையில் புள்ளி குத்தினால் கிழியுமென்று
வைக்காமலே விட்டார்களாம் அந்தக் காலத்தில்.
வாசிக்கிறவனுக்குத் தெரியுமாம்
எங்கே வாயை மூடவேண்டுமென்று.
எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும்.
திறக்கத்தான் ஒருவருக்கும் தெரியாது.

சனிக்கிழமை மறுபடி பல்லாரட்.
திரையில் என் கையெழுத்து, ஆள் உயரத்துக்கு.
அவள் சுட்டியை நகர்த்துகிறாள்.
இது?
புள்ளி.
இது?
புள்ளி.
அன்ரனின் 'ர'வுக்கு மேலே, இது?
கிட்டப் போய்ப் பார்த்தேன்.
தேத்தண்ணி.
நூற்றிப் பதின்மூன்றை அதனதன் தலையில் திருப்பி வைத்தாள்.
தன் பிழை என்று காசு வாங்கவில்லை.

ஒஸ்லோவுக்கு ஒன்று, டான்டினோங்குக்கு ஒன்று,
தனித்தனி உறையில் தபாலில் சேர்த்தாயிற்று.
பிழைபட்ட மாதிரி அட்டையை மட்டும் கேட்டு வாங்கி
குளிர்ப்பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டியிருக்கிறேன்.
காலையில் பால் எடுக்கப் போகிறவன்
உரக்க வாசிக்கிறான்,
ஓரெழுத்தும் விடாமல்,
வெ
ண
ம
தி.