நாளொன்றுக்கு நாலாயிரம்

பன்னிரண்டு லட்சம் பங்கு.
மொத்தமாய்க் கொட்டினால்
போர்ட் லூயிஸ் சந்தைக்கு மூச்சு முட்டும்.
மதாம் வில்னேவுக்கு அது தெரியும்.
"அவசரமில்லை" என்றாள்,
குளிர்கண்ணாடியைக் கழற்றாமலே.

நாளொன்றுக்கு நாலாயிரம்.
அதுவும் ஒரே வீச்சில் இல்லை:
ஒன்பதரைக்கு எழுநூற்றுப் பதினொன்று,
பதினொரு மணிக்கு ஆயிரத்துச் சொச்சம்,
மூடுமுன் மிச்சம்.
முழு எண் போடக் கூடாது,
முழு எண்ணில் முதலாளி வாடை அடிக்கும்.
விலை ஏறினால் கொஞ்சம் கூட,
இறங்கினால் கையைக் கட்டிக்கொண்டு உட்காரு.
யானையை
எறும்புச் சாரியாய் நடத்த வேண்டும்.
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

பெல்வேர் சர்க்கரை நாற்பத்திரண்டு ரூபாயில்
மாதக்கணக்காய் நின்றது.
எழ வரும்போதெல்லாம்
அதன் தோளை அழுத்தி உட்கார வைத்தேன்.

"ஏன் நகரவே மாட்டேங்குது?"
ரோஸ் ஹில் பஸ்ஸில் கேட்டார் அப்பாவு.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்,
மாதம் இருநூறு பங்கு வாங்குகிறவர்.
"லாபம் நல்லா இருக்கு, ஹோட்டல் கட்டுறாங்க,
பின்னே என்ன?"
மழை வரும்போலிருக்கிறது என்றேன்.
மலை மேல் ஒரு துண்டு மேகம் இல்லை.

நூற்றெண்பதாம் நாள்
திரையில் இன்னொரு கை.
எண்ணூற்று முப்பத்தொன்று. அறுநூற்றுப் பதினேழு.
என்னைப் போலவே முழு எண் தவிர்த்து,
என்னைப் போலவே பதினொரு மணிக்கு.
என் சீப்பால் வேறொருத்தி
தலை வாரியதுபோல் இருந்தது.

மதாமிடம் சொன்னேன்.
தொலைபேசியில் வெகுநேரம் இரைச்சல் மட்டும்.
"என் தம்பி" என்றாள்.
"ரீயூனியனில் இருக்கிறான்.
விற்க மாட்டோம் என்று
அப்பாவின் சவப்பெட்டி முன் நின்று சொன்னோம்,
இரண்டு பேரும்."
பிறகு, குரல் மாறாமல்:
"மிச்சத்தை இன்றைக்கே தள்ளிவிடு."

மிச்சம் நாலு லட்சத்து எண்பதாயிரம்.
எறும்புக்கெல்லாம் நேரமில்லை.
தம்பியின் தரகனுக்கும் அதே உத்தரவு வந்திருக்கும்.
அன்று மாலை முப்பத்தாறு.
மறுநாள் முப்பத்தொன்று.
வெள்ளிக்கிழமை இருபத்தேழுக்கும்
கேட்க ஆளில்லை.

கம்பெனிக்கு எதுவும் ஆகவில்லை.
கரும்பு அதே உயரத்தில் நிற்கிறது,
ஆலையில் அதே புகை,
ஹோட்டலுக்கு மூன்றாம் மாடி எழும்புகிறது.

அப்பாவு வாங்கிய இருநூறுகளில்
எத்தனை என் கைவழி போனவை?
பதிவேட்டில் பார்க்கலாம்.
பார்க்கவில்லை.

திங்களன்று பஸ்ஸில்
பக்கத்து இருக்கைக்கு நகர்ந்து வந்தார்.
"மலிவாயிடுச்சே,
இன்னும் கொஞ்சம் வாங்கிப் போடவா?"

தெரியவில்லை என்றேன்.
தம்பியிடம்
இன்னும் எவ்வளவு இருக்கிறதோ.