ஐந்தாம் பக்கம், கீழ் மூலை

இணையக் கலைக்களஞ்சியம் சொல்கிறது:
வெண்ணாற்று வானொலி
தை இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு
மாவட்ட ஆட்சியர் விளக்கேற்ற,
நாகஸ்வர இசையோடு தொடங்கியது.
அலைவரிசை 90.8.
நிறுவியவர் தாளாளர் வைரக்கண்ணு.

நாகஸ்வரம் வந்தது உண்மை.

அலைவரிசை 90.4.
அதை முதலில் திருத்தினேன்,
சின்னக் கல்லாகப் பார்த்துப் பெயர்ப்பதுபோல.
அரை மணியில் திரும்பி வந்துவிட்டது 90.8.
மாற்றியவர் பெயர் நெட்டிலிங்கம்7.
காரணம்: சான்றில்லாத் திருத்தம்.

சான்றா?
நாலு வருஷம், நாளுக்கு முப்பது தடவை
அந்த எண்ணைச் சொன்ன வாய் இது.
பல்வலியோடு சொல்லியிருக்கிறேன்.
நிக்காஹுக்கு முந்தின நாள்
மருதாணி காயாத கை,
முழங்கையால் ஃபேடரை ஏற்றிவிட்டுச் சொல்லியிருக்கிறேன்.
வாய் சான்றாகாதாம்.
அச்சில் வந்தது ஏதும் இருக்கிறதா என்று கேட்டார்,
மரியாதையாகத்தான்.

சரி, தேதி.
முதல் குரல் போனது தையில் இல்லை.
கார்த்திகை மழை, ராத்திரி ஒன்றே முக்கால்,
நீடாமங்கலத்தில் கல்லூரி மொட்டைமாடி அறை.
ஜெனரேட்டர் இருமிக்கொண்டிருக்கிறது.
சோதனைக்கென்று வந்த ஐம்பது வாட் பெட்டி.
சூசைமாணிக்கம் மைக்கை என் பக்கம் தள்ளினான்.
என்ன பேச?
"கோரையாத்துல தெக்குக் கரை உடைச்சிக்கிச்சு. அதப் பேசு."

வணக்கம் சொல்லவில்லை, நிலையத்தின் பெயர் சொல்லவில்லை.
ஊர்ப்பெயர்களைச் சொன்னேன்,
தண்ணீர் போகும் வரிசையில்:
ஒட்டத்திடல், நரிக்குடிமங்கலம், பருத்திக்கோட்டகம்,
கீழப்பருத்திக்கோட்டகம்.
பள்ளிக்கூடத்து மாடிக்குப் போங்கள்.
மாட்டை அவிழ்த்துவிடுங்கள்.
மறுபடி ஒட்டத்திடல்.
விடியும்வரை அவ்வளவுதான் நிகழ்ச்சி.

யார் கேட்டார்கள், தெரியாது.
மறுவாரம் ஒட்டத்திடல்காரர் ஒருவர்
ஒரு பூசணிக்காயை வாசலில் வைத்துவிட்டு
ஒன்றும் பேசாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.
பூசணிக்காயும் சான்றாகாது.

பதிவேடு இருந்தது, சூசையின் கோணல் எழுத்தில்:
1.45. வெள்ளம். கமருன்னிசா.
படமெடுத்து அனுப்பினேன்.
கையெழுத்துப் படி, சொந்த ஆய்வு, ஏற்பதற்கில்லை.

அப்புறம்தான் கேட்கத் தோன்றியது,
உங்கள் தை இரண்டுக்கு என்ன சான்று?
அடிக்குறிப்பைக் காட்டினார்:
ஒரு நாளிதழின் திருவாரூர்ப் பதிப்பு,
ஐந்தாம் பக்கம், கீழ் மூலை,
உர விளம்பரத்துக்கு மேலே.
பெரிதாக்கிப் படித்தேன்.
"டெல்டா மக்களின் செவிகளுக்கு ஓர் இனிய செய்தி..."
இந்த வாக்கியத்தை எனக்குத் தெரியும்.
இதை எழுதியது நான்.

உரிமம் வந்தது மார்கழிக் கடைசியில்.
கார்த்திகையிலேயே பேசினோம் என்று தெரிந்தால்
பெட்டியைத் தூக்கிப் போய்விடுவார்கள் என்றார் தாளாளர்.
செய்திக்குறிப்பில் "முதன்முறையாக" என்ற சொல்லை
இரண்டு இடத்தில் போட்டேன்.
90.8 தட்டச்சுப் பிழை. அதுவும் என்னுடையதே.
சூசையின் பெயர் விடுபட்டது பிழையில்லை.
அவனே எடுக்கச் சொன்னான்:
சட்டப்படி அன்னிக்கு நாம மாடியிலயே இல்ல, கமரு.

இப்போது மன்னார்குடியில் இன்வெர்ட்டர் விற்கிறான்.
போனில் சொன்னதும் சிரித்தான், நெடுநேரம்.
"நம்ம பொய்யே நம்மள உள்ள விடமாட்டேங்குது பாரு."

நெட்டிலிங்கம்7-க்கு எழுதத் தொடங்கினேன்:
அந்தச் செய்தி தவறு, எனக்கு எப்படித் தெரியுமென்றால்
அங்கேயே விரல் நின்றது.
அன்றைக்குப் பொய் எழுதினேன் என்பவளை
இன்றைக்கு எதைக் காட்டி நம்பச் சொல்வது?

இரண்டு நாள் கழித்து அலைவரிசையை
அவரே மாற்றியிருந்தார்.
அரசு உரிமப் பட்டியலில் தேடி எடுத்தாராம்.
நன்றி என்று ஒரு சொல்லும் இருந்தது.

அன்றிரவு தேதியை நான் தொடவில்லை.
"தொடங்கியது" என்பதற்கு முன்னால்
ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தேன்:
முறைப்படி.

அதற்கு அவர் சான்று கேட்கவில்லை.
இன்றோடு பதினோரு நாள்.
யாராவது ஒருவர் அந்தச் சொல்லில் இடறி
அப்படியானால் அதற்கு முன்னால்? என்று
கேட்காமலா போய்விடுவார்.