பதினேழு நொடி

அரசி ஒரு கரடியைக் கட்டிக்கொண்டு அழுகிறாள்.
கரடி இன்னும் வரவில்லை.
லண்டனில் யாரோ ஒருவரின் கணினியில்
தோல் மட்டும் முளைத்து
ரோமத்துக்காகக் காத்திருக்கிறது.

இப்போதைக்கு அவள் கைக்குள் இருப்பது
பச்சைத் துணி சுற்றிய ரப்பர் தலை.
அதைத் தாங்கிப் பிடித்திருப்பவனும்
உச்சி முதல் உள்ளங்கால் வரை பச்சை.
கண் இருக்கும் இடத்திலும் வலைத்துணிதான்.

அவனை இல்லாமல் ஆக்குவது என் வேலை.

சோஃபியாவில், ட்ராம் பணிமனைக்கு எதிரே, மூன்றாம் மாடி.
நிறம் பிசகாமலிருக்க ஜன்னலை மூடியே வைத்திருக்கிறோம்.
வித்தோஷா மலையில் பனி இறங்கிவிட்டதை
சிகரெட் பிடித்துவிட்டு வரும் நெவெனாவின்
தோளைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன்.
நானூற்றுப் பன்னிரண்டு ஃபிரேம்.
பார்ப்பவர்களுக்குப் பதினேழு நொடி,
எனக்குப் பதினொரு நாள்.

முதல் நாள் முழங்காலை எடுத்தேன்.
கால் இருந்த இடத்தில் கல்லை வைத்தேன்,
பக்கத்துக் கல்லிடம் கடன் வாங்கி.
மறுநாள் இடுப்பு.
தோள் எளிது. விரல்கள்தான் விடாப்பிடி:
இரண்டு, அரசியின் கூந்தலுக்குள் நுழைந்திருந்தன.
மயிரிழை மயிரிழையாக
அவளுடையதை அவளுக்குப் பிரித்துக் கொடுத்தேன்.

ஒருவரை அழிக்க
அவரை இவ்வளவு உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது.
என் கணவனை நான் இப்படிப் பார்த்ததில்லை.

நூற்று முப்பதாவது ஃபிரேமில் அவளுக்குக் கால் வழுக்குகிறது.
ஒரு பச்சைக் கை முழங்கையைத் தாங்கி
உடனே விலகிக்கொள்கிறது.
அழுகை நிற்கவில்லை. நல்ல நடிகை.
பிற்பாடு அவனுக்கு நன்றி சொன்னாளா
எனக்குத் தெரியாது, அதற்குள் ஷாட் முடிந்துவிடுகிறது.
அந்தக் கையையும் எடுத்தேன்.
இப்போது அவள் தானாகவே விழாமல் நிற்கிறாள்.

வழக்கமாக எங்களுக்கு ஒலி அனுப்பமாட்டார்கள்.
இதில் தவறிப்போய் வந்திருந்தது.
காற்று. ஜெனரேட்டர். யாரோ கத்துகிறார்கள்:
"ப்ளாமென், அரை அடி பின்னால்!"
எங்கள் மொழியில் அந்தப் பெயருக்குச் சுடர் என்று பொருள்.
ஜனவரி மாதக் கல்குவாரியில்
துணி போர்த்திய ஒரு சுடர்
அரை அடி பின்னால் போகிறது.

ஐந்தாம் நாள் அவன் மூச்சைக் கண்டேன்.
முகத்துணிக்குள்ளிருந்து வெள்ளையாகக் கசிந்து
ரப்பர் மூக்கின் மேலேறி
அவள் நெற்றியில் கலைகிறது.
நீக்க வேண்டியவற்றின் பட்டியலில் அதுவும் இருந்தது, கடைசி வரியில்: ஆவி.
தூரிகையைக் கொண்டுபோய்
திரும்ப எடுத்துவிட்டேன்.
நாற்பது பிக்ஸல் கீழே இறக்கினேன்,
கரடியின் நாசி வரப்போகும் இடத்துக்கு.

ஆனால் முந்நூற்று ஆறில் கரடி செத்துப்போகிறது.
கதை அப்படி.
அவன் சாகவில்லை. கனத்த தலையைச் சுமந்தபடி
மூச்சு வாங்கிக்கொண்டே இருக்கிறான்,
இன்னும் நாலு நொடிக்கு மேல்.

முந்நூற்று ஏழில் நிறுத்தினேன்.
எட்டில் நிறுத்தினேன்.
ஒன்பதில் கொஞ்சம் விட்டுப் பார்த்தேன்:
சாவு பொய்யாகத் தெரிந்தது.
எடுத்தேன்.
நெவெனா வைத்துவிட்டுப் போன பனித்ஸா
தட்டில் ஆறி, நெய் உறைந்திருந்தது.

யாவோர் வந்து இரண்டு முறை ஓட்டிப் பார்த்தான்.
"ஆவி பிரமாதம். எந்தத் தொகுப்பிலிருந்து எடுத்தாய்?"
"அங்கேயே இருந்தது."
தலையாட்டினான். பேனா முனையால் திரையைத் தொட்டு,
"இடது கன்னத்தில் என்னவோ பச்சையாக இருக்கிறது, பார்."

பசலை படர்ந்தாற்போல் இருந்தது.
அவன் உடம்பில் பட்ட வெயில்
அவள் தோலில் போய்த் தங்கியிருக்கிறது.
பார்க்காததுபோல் இருந்தவள் நான்தான்.
அளவைக் குறைத்தேன். ஐம்பது. இருபது. பூஜ்யம்.
கன்னம் மறுபடி கன்னமாயிற்று,
ரத்தமும் குளிரும் பவுடருமாக.

பதிப்பு நாற்பத்தொன்று என்று பெயரிட்டு அனுப்பினேன்.

சாயங்காலம் கரடி வந்து சேர்ந்தது.
ரோமம் ஈரமாக, ஒவ்வொரு இழையும் தனித்தனியாக,
கண்ணோரத்தில் ஒரு முள்கூட வைத்திருந்தார்கள்.
கூடவே ஒரு குறிப்பு:
மூச்சு நாங்கள் செய்யவில்லை,
உங்களிடம் இருக்கிறதாமே.