கணக்கு

சாட்ஸ்வர்த் கடைவளாகம், சனிக்கிழமை நெரிசல்.
பச்சை மேலங்கி போட்டுக்கொண்டு
வா, வா, போதும் என்று
என் பழைய டொயோட்டாவை இடுக்கில் நுழைக்கிறான்
முஷகலூசா.
புக்காவுவில் கணக்கு வாத்தியாராக இருந்தவன்.

அரைக்கோடிப் பேராமே உங்கள் போரில்,
இந்தக் கண்டத்திலேயே பெரிய சாவாம்,
ரேடியோவில் சொன்னார்கள் என்றேன்,
பையில் சில்லறை துழாவியபடி.

இருக்கும்.
நான் எண்ணியது ஆறு வரைதான்.
குண்டு பட்டது ஒருத்தன்.
மற்றவர்களுக்குக் காட்டில் வயிற்றுப்போக்கு.
கடைக்குட்டிக்கு இன்னும் பெயர் வைத்திருக்கவில்லை,
அவளையும் சேர்த்தால் ஆறு.

எவனோ ஹாரன் அடிக்கிறான்.
ஓடுகிறான்.
ஐந்து ராண்ட் என் உள்ளங்கையில் வியர்க்கிறது.

பாதி தூரம் போய்த் திரும்பிக் கத்துகிறான்:
உங்கள் பின்விளக்கு ஒன்று எரியவில்லை,
இருட்டுமுன் வீடு போய்ச் சேருங்கள்.